மேலுக்குச் சுகமில்லையா?

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். காலை நாலரைக்கு எழுந்தால்தான் கட்டுத்தரையில் சாணி வழித்து, வாசல் கூட்டி, சோறாக்கி, எல்லோருக்கும் டிபன் கட்டி, ஏழே முக்காலுக்கு வரும் கம்பெனி வேனைப் பிடிக்க முடியும். சாதாரண நாளில் மாலை ஆறரைக்கும், ஒன்றரை ஷிப்டு ஓடுகிற நாளில் இரவு ஒன்பதரைக்கும் வீடு திரும்புவேன். படுக்கும்போது பதினொன்றாகிவிடும். வீட்டுக்காரர் பண்ணையத்தையும் நான்கு மாடுகளையும் பார்க்கிறார். குடிப்பழக்கம் கிடையாது, நல்ல மனிதர். மாமியாருக்குச் சர்க்கரை நோய். மகன் பத்தாவதும் மகள் ஏழாவதும் படிக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோறு முடிந்த பிறகு, என்னையறியாமல் உள்ளறையில் படுத்துவிட்டேன். மாமியார் எட்டிப் பார்த்து, ‘ஏங்கண்ணு, மேலுக்குச் சொகமில்லையா?’ என்று கேட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து, முறத்தை எடுத்து, முதல் நாளே புடைத்து வைத்திருந்த அரிசியை மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டியதில்லை. பிறகு ஏன் அப்படிச் செய்தேன்? சாயந்திரமானால் தலைவலி வருகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் குற்ற உணர்வு, படுக்காவிட்டால் உடம்பு கேட்பதில்லை. என் மனதில் ஏதாவது கோளாறா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கும்போது உங்கள் மனதில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஈரோட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். பவானி, கோபி, பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து என்னிடம் வருகிற பெண்களில் பலர், தூக்கம் வரவில்லை என்றோ தலைவலி என்றோ பேச்சை ஆரம்பித்தாலும், அரை மணி நேரத்தில் வந்து சேர்கிற இடம் நீங்கள் இப்போது நிற்கிற இடம்தான். ஆனால் புடைத்த அரிசியை மறுபடி புடைத்தேன் என்று இவ்வளவு வெளிப்படையாக என்னிடம் சொன்னவர்கள் மிகக் குறைவு. உங்கள் சிக்கல் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே இருப்பதால், அதைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

வண்டிச் சத்தம் கேட்ட நொடியில் உங்கள் நெஞ்சில் ஒரு பதற்றம் எழுந்திருக்கும். முறம் கைக்கு வந்ததும் அது அடங்கியிருக்கும். அந்த அடங்குதலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு பதற்றத்திலிருந்து தப்பிக்க ஒரு காரியத்தைச் செய்து, அதனால் உடனே நிம்மதியும் கிடைத்துவிட்டால், அந்தக் காரியத்தைச் செய்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை பதிந்துகொள்கிறது. செய்யாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நாய்க்குப் பயந்து எப்போதும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற குழந்தைக்கு நாய்ப்பயம் குறையாமல் வளர்ந்துகொண்டே போவதும் இதனால்தான். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் உள்ளே வந்து, நீங்கள் படுத்திருப்பதைப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கட்டுத்தரைப் பக்கம் போயிருக்கக்கூடிய அந்தச் சாதாரணக் காட்சி ஒருமுறைகூட நடக்க நீங்கள் விட்டதில்லை. ஆகவே, குற்ற உணர்வு வருகிறது என்பதையே தவறு செய்துவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவறு செய்தவருக்கும் அது வரும். படுப்பதே தவறு என்று பழக்கப்பட்டவருக்கும் அதே வேகத்தில் வரும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் மாமியாரின் கேள்வியே தடம் காட்டுகிறது. ‘மேலுக்குச் சுகமில்லையா’ என்பது நம் பக்கத்தில் அன்பாகக் கேட்கிற கேள்வி. அவர் அன்பாகத்தான் கேட்டிருப்பார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. பகலில் ஒரு பெண் படுத்திருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்; உடம்பு சரியாக இருந்தால் அவள் நடமாடிக்கொண்டு இருக்க வேண்டும். களத்துமேட்டிலிருந்து வந்து கயிற்றுக்கட்டிலில் சாய்கிற ஆணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ‘அலுத்து வந்திருக்காரு’ என்பதோடு முடிந்துவிடும். அலுப்பு என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. பெண்ணுக்கோ நோய் என்ற சான்றிதழ் வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வீடு திரும்பிய ஒரு பெண், “ரெண்டு நாள் பெட்டுல போட்டு டிரிப்ஸ் ஏத்துனாங்க, நல்லாத் தூங்குனனுங்க” என்று முகம் மலர என்னிடம் சொன்னார். ஊசியும் காய்ச்சலும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அந்த இரண்டு நாளை அவர் திருவிழாவைப் போல நினைவு வைத்திருந்தார். அன்று மாலை வரை எனக்கு வேறு வேலையில் மனம் செல்லவில்லை.

என் அம்மாவையும் இங்கே சொல்ல வேண்டும். கோபிப் பக்கத்துத் தோட்டத்து வீடு எங்களுடையது. பகலில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றில்கூட அவர் கை சும்மா இருந்ததில்லை. மடியில் கடலைக்காய் இருக்கும், தொலித்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் புளி தட்டிக்கொண்டிருப்பார். உட்காருவதற்கு அவர் கொடுத்த விலை அந்தக் கடலைக்காய் என்பது எனக்கு இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. உங்கள் கையிலிருந்த முறத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

உட்கார்ந்திருக்கிற பெண்ணைச் சோம்பேறியாகப் பார்க்கிற கண் வீட்டுக்குள் மட்டும் இருப்பதல்ல. ஜவுளிக்கடைகளில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத நேரத்திலும் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்ததால், அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் நின்றதால் கடைக்கு விற்பனை கூடவில்லை. சும்மா இருப்பதாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே அவர்கள் நின்றார்கள். தொழிற்சாலைகளுக்கு இந்த அறிவு இன்னும் முன்பே வந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஒரு தொழிலாளியிடம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று விதித்தது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் பெல் அடிக்கும்போது நீங்கள் குற்ற உணர்வு இல்லாமல் எழுந்து போகிறீர்கள், இல்லையா? அங்கே யாரோ போராடி, எழுதி வைத்த ஒரு விதி உங்களுக்குத் துணையாக இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு பெல்லை யாரும் மாட்டி வைக்கவில்லை. அங்கே மேற்பார்வை செய்கிற கண் இப்போது உங்களுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமலேயே நீங்கள் முறத்தைத் தேடியது அதனால்தான்.

நீங்கள் செய்கிற வேலை எவ்வளவு என்பதை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஆண்களில் அந்த வேலைகளைச் செய்பவர்கள் நூற்றுக்கு 26 பேர். செய்பவர்களும் செலவிட்ட நேரம் 97 நிமிடங்கள். உங்கள் கடிதத்தில் காலை நாலரையிலிருந்து ஏழே முக்கால் வரை மட்டுமே 195 நிமிடங்கள் இருக்கின்றன. சாதாரண நாள் மாலையில் மூன்று மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் 375 ஆகிறது. இதற்கு மேல்தான் கம்பெனி வேலை. தூக்கத்துக்கு எஞ்சுவது ஐந்தரை மணி நேரம். வளர்ந்த ஒரு மனிதருக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. ஆறு வேலை நாட்களில் மட்டும் ஒன்பது மணி நேரத் தூக்கம் உங்களுக்குப் பாக்கி நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ‘என்னையறியாமல் படுத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு தனக்கு வர வேண்டிய பாக்கியில் ஒரு சிறு பகுதியைத் தானே எடுத்துக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படுகிற ஒரு ஆறுதல் உண்டு. ‘நீ நல்லா இருந்தாத்தானே குடும்பத்தைப் பார்க்க முடியும், அதனால சித்த நேரம் படு’ என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இதைப் பல பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஓய்வையும் குடும்பத்துக்குச் செய்கிற சேவையாக மாற்றிவிடுகிறது அந்தப் பேச்சு. அப்படியானால் படுத்து எழுந்த பிறகு இரண்டு மடங்கு வேலை செய்து காட்டியாக வேண்டும். செய்யாவிட்டால் மறுபடியும் குற்ற உணர்வு. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலி போட்டு அடைத்த அந்த மேய்ச்சல் நிலத்தில், மழை பெய்து கொழுக்கட்டைப் புல் துளிர்த்த உடனே யாரும் மாட்டை ஓட்டிவிட மாட்டார்கள். ஒரு காட்டில் மேயவிட்டு மற்றொன்றை அடைத்து வைத்திருப்பார்கள். அதை யாரும் சோம்பேறிக் காடு என்று சொல்வதில்லை. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும், சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது இதற்கும் ஒரு படி மேலே. புல் வளர்வது மாடு மேய்வதற்காக. நீங்கள் படுப்பது நாளைக்கு இன்னும் அதிகம் உழைப்பதற்காக இருக்க வேண்டியதில்லை. அலுப்பாக இருக்கிறது, படுக்கிறேன் என்பதே முழுமையான காரணம். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் காரணம் போதுமென்றால் உங்களுக்கும் போதும்.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் உடம்பு. நீங்கள் 41 வயதில், நாள் முழுவதும் டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டையும் பிசிறும் தையல் விட்ட இடமும் தேடுகிற வேலை செய்கிறீர்கள். சாயந்திரமானால் தலைவலி என்கிறீர்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும், அது உங்களுக்கும் ஆரம்பித்திருக்கலாம். அது ஒரு நோய் அல்ல. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் மகன் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப் போயிருப்பீர்கள். உங்கள் கண்ணுக்கும் அந்த ஒரு வாரக் கெடுவைக் கொடுங்கள். அதுவரை மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

அடுத்தது இரத்தம். படியேறினால் மூச்சு வாங்குவதும், தீராத அலுப்பும், மாதவிலக்கில் போக்கு அதிகமாகியிருந்தால் அதுவும் சேர்ந்து இரத்தசோகையைக் காட்டலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒருவருக்கு மேல் என்றால், உங்கள் செக்கிங் டேபிளில் எதிரெதிரே நிற்கிற இருவரில் ஒருவர் என்று பொருள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. அதோடு தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை டீயோடு விழுங்காதீர்கள். சோறு தின்ற கையோடு டீ குடிக்கிற பழக்கம் பனியன் கம்பெனிகளில் எல்லோருக்கும் இருக்கிறது. அது முருங்கைக்கீரையில் இருக்கிற இரும்பைக்கூட உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரத்தம் குறைந்து தள்ளாடுகிற பெண் தன்னைத்தானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டுகிறதா? உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. இருந்தால் அதை ஓய்வு மட்டும் தீர்க்காது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இதைப் படிக்கிற மற்ற சகோதரிகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. படுப்பதும் ஓய்வும் ஒன்றல்ல என்பதை நீங்கள் அனுபவத்தில் உணர்ந்திருப்பீர்கள். கட்டிலில் கிடக்கும்போதும் காது வீடு முழுவதும் அலைகிறது. பால் பொங்குகிறதா, கன்று கத்துகிறதா, உறம்பரை யாராவது வருகிறார்களா, மாமியாருக்கு மாத்திரை நேரமாகிவிட்டதா என்று காவல் இருக்கிற காதோடு இரண்டு மணி நேரம் படுத்தாலும் எழும்போது அலுப்பு அப்படியே இருக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது, அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு ஒருவருடைய காது வீட்டைப் பார்த்துக்கொள்வது. ஞாயிறு மதியம் இரண்டு முதல் நான்கு வரை என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவே, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, அதைத் தகவலாகச் சொல்லுங்கள். ‘படுத்துக்கட்டுமா?’ என்று கேட்காதீர்கள். பாட்டிக்கு மாத்திரை கொடுப்பது மகன் பொறுப்பு, யாராவது வந்தால் தண்ணீர் கொடுத்துப் பேசுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாலும் அது உங்கள் நேரம். ஒரு வாரம் படுக்கப் பிடிக்கவில்லையென்றால் டவுன் பஸ் ஏறி உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, போக்குவரத்துக்கு யாரிடமும் காசு கேட்கவும் வேண்டியதில்லை.

மாமியார் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். அப்போது தலைவலி என்று சொல்லாதீர்கள். இதுதான் உங்களுக்கு நான் தருகிற மிகச் சிறிய, ஆனால் மிகக் கடினமான வேலை. “சொகமாத்தான் இருக்கறனுங்க அத்தை, சித்த நேரம் படுத்திருக்கறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். நோயைக் காரணம் காட்டினால் அந்தப் பழைய விதிக்கு நீங்களே மறுபடி கையெழுத்துப் போட்டதாக ஆகும். அதே சமயம் அவரை எதிரியாக நினைக்க வேண்டாம். விடியலில் எழுந்து ராகி அரைத்து, சேந்துகிணற்றில் தண்ணீர் இறைத்து, பத்துப் பேருக்குச் சோறாக்கிய தலைமுறை அது. பகலில் படுக்கிற மருமகளைப் பார்க்கும்போது தனக்குக் கிடைக்காத ஒன்று அவர் நினைவுக்கு வரக்கூடும். ஒருநாள் சாவகாசமாக, ‘அந்தக் காலத்துல நீங்க எப்பங்க அத்தை படுப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த பெண்களில் சிலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பதிலாக வந்த கதைகள் சில இரவு வரை நீண்டிருக்கின்றன. ஒரு வீட்டில் அந்த மாமியாரே பிறகு யாரையும் உள்ளே விடாமல் அறை வாசலில் காவல் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, அந்த இரண்டு மணி நேர வேலையையும் சேர்த்து இரவு பன்னிரண்டு வரை செய்வதென்றால் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை. ஆகவே சில வேலைகள் உங்கள் கையிலிருந்து நிரந்தரமாகப் போக வேண்டும். மாடுகளைப் பார்ப்பவர் உங்கள் வீட்டுக்காரர் என்றால், கட்டுத்தரையில் சாணி வழிப்பதும் மாட்டு வேலைதான். அது ஏன் உங்களிடம் வந்தது என்று யாரும் இதுவரை யோசித்திருக்க மாட்டார்கள். அவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அது அவரிடமே போகட்டும். உங்கள் காலை நேரத்தில் அரை மணி நேரமாவது குறையும், அந்த அரை மணி நேரத்தைத் தூக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவுச் சமையலை மகனும் அப்பாவும் எடுத்துக்கொள்ளட்டும். நம் அரிசியும் பருப்பும் சோறு ஒரு குக்கர் வேலை. அரிசியும் துவரம்பருப்பும் களைந்து வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், தக்காளி வதக்கி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றி மூடினால் மூன்று விசிலில் இறங்கிவிடும். பதினைந்து வயதுப் பையனால் தாராளமாகச் செய்ய முடியும். முதல் வாரம் அடிப்பிடிக்கும், இரண்டாவது வாரம் உப்புக் கூடும். அப்போது நீங்கள் எழுந்து போய்க் கரண்டியை வாங்கிவிட்டால் அந்த வேலை உங்களிடமே திரும்பி வந்துவிடும். வாயைத் திறக்காமல் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உங்களிடமிருந்து இறங்குகிற எதையும் மகளின் தலையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையில் முறம் வந்து சேரும்.

ஒன்றரை ஷிப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பீஸுக்கும் சீட்டுப் பணத்துக்கும் அந்த அரை ஷிப்டுக் காசு தேவைப்படலாம், அதை வெளியிலிருந்து நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒன்பதரைக்கு வேனை விட்டு இறங்குகிறவருக்குத் தட்டில் சோறு இருக்க வேண்டும்; அடுப்பு இருக்கக் கூடாது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் குற்ற உணர்வு வந்தே தீரும். நீங்கள் ஏதோ தவறாகச் செய்துவிட்டதாக நினைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை முன்பே சொல்லி வைக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்கும்; நெஞ்சு படபடக்கும்; கை கால் எழத் துடிக்கும். அப்போது மனதோடு வாதாட வேண்டாம், நல்லதை நினைக்க முயலவும் வேண்டாம். எழாமல் இருந்தால் போதும். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, வெளியே கேட்கிற சத்தங்களை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்: ஸ்டாண்டு போடுகிற சத்தம், செருப்புச் சத்தம், சொம்பை வைக்கிற சத்தம். படபடப்பு ஏறி, ஒரு உச்சிக்குப் போய், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அடுத்த வாரம் அதே சத்தத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஒருவேளை முதல் வாரம் உங்களால் முடியாமல் எழுந்துவிட்டால் அதற்காகவும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். இருபது ஆண்டுப் பழக்கம் அது. அடுத்த ஞாயிறு மறுபடியும் படுங்கள். ஆறேழு வாரம் ஆன பிறகும் படபடப்பு கொஞ்சமும் குறையவில்லையென்றால் நேரில் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை அப்படியே எனக்கு எழுதுங்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதற்காகக் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட நேர்ந்தால் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்